பிரஷ் மூட்டையும் ஃபைல் பயணமும்

கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவர் மடிக்கணினியில் படம் வரைகிறார் என்றால், அதில் கிரிட்டா இருக்க வாய்ப்பு அதிகம். இலவசம் என்பதே முதல் காரணம். ராஜபாளையத்துக் கூட்டாளியிடம் ஐபேட் இருந்தால் அவர் புரோகிரியேட்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிற கடையில் போட்டோஷாப்பும் கோரல்டிராவும் ஓடும். கைபேசியில் விரலால் வரைந்து பழகிய பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐபிஸ் பெயின்ட். இவர்கள் சேர்ந்து ஒரு வேலை எடுத்தால் அது கடைசியில் போய்ச் சேரும் இடம் சிவகாசி. அங்கே படத்தின் அழகைப் பற்றிப் பேச்சு பிறகுதான் வரும், முதலில் "ஃபைல் சரியா இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

காலண்டர் வேலைக்குக் கெடு உண்டு. அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆல்பத்தில் இடம்பெற வேண்டிய படம் அதற்கு வெகுமுன்பே முடிந்து, புரூஃப் பார்த்து, பிளேட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்த நெருக்கடியில் செயலி மாறி, பிரஷ் மாறி, நிறம் மாறி நிற்பவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். ஆற அமரப் படிக்க முடிகிற மாதத்தில் படித்துவிடுங்கள்.

பிரஷ்ஷுக்குள் என்ன இருக்கிறது

டிஜிட்டல் பிரஷ்ஷில் மூன்று சரக்குகள் உண்டு. ஒன்று முனை: கருப்பு வெள்ளையில் ஒரு சிறு படம். செயலி அதைக் கோட்டின் நெடுக முத்திரை குத்திக்கொண்டே போகிறது. முத்திரைகள் நெருக்கமாக விழுந்தால் நம் கண்ணுக்குக் கோடு. இரண்டாவது டெக்ஸ்சர்: காகிதம், கல், துணி மாதிரி ஒரு பரப்பு. மூன்றாவது நடத்தை: பேனாவை அழுத்தினால் பருமன் கூடுமா, நிறம் அடர்த்தியாகுமா, முத்திரைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி, கோடு வளைந்தால் முனையும் திரும்புமா என்கிற கணக்குகள்.

முதல் இரண்டும் படங்கள். எந்தச் செயலியும் திறந்துகொள்ளும். மூன்றாவது, அந்தந்தச் செயலியின் பிரஷ் எஞ்சினுக்கு மட்டும் புரியும் எண்கள். பிரஷ் ஊர் மாறும்போது தொலைவது எப்போதும் இந்த மூன்றாவதுதான். இதைப் புரிந்துகொண்டால், "இந்த பிரஷ்ஷை அந்தச் செயலிக்கு மாற்ற ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறதா?" என்று தேடி அலைய வேண்டியதில்லை. முழுசாக மாற்றித் தருகிற எதுவும் கிடையாது. நாம் செய்ய வேண்டியது, முனையையும் டெக்ஸ்சரையும் கைவசம் வைத்துக்கொண்டு நடத்தையைப் புது இடத்தில் திரும்பக் கட்டுவது.

போட்டோஷாப்பின் ஏபிஆர் ஃபைல்தான் இந்த உலகத்தின் பொதுமொழி போலப் புழங்குகிறது. இன்றைய பிரஷ் எஞ்சின் 2002-இல் வந்த போட்டோஷாப் 7-இலிருந்து தொடங்குகிறது. மற்ற செயலிகளின் ஆட்கள் ஏபிஆர் ஃபைலைப் பிரித்துப் பார்த்துத்தான் படிக்கக் கற்றிருக்கிறார்கள். அதனால் ஆளுக்கு ஓர் அளவு. ஜிம்ப், கிரிட்டா இரண்டும் ஏபிஆரிலிருந்து முனையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் முனையோடு சில அமைப்புகளையும் எடுக்கும். புரோகிரியேட் 2019-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஏபிஆரை உள்ளே விடுகிறது, நடத்தையையும் தன்னால் முடிந்த அளவு ஒத்துவரச் செய்கிறது. ஆனால் புரோகிரியேட்டிலிருந்து ஏபிஆராக வெளியே வர வழியில்லை. போகலாம், திரும்பி வர முடியாத ஒருவழிப் பாதை அது.

முத்துச்சரம்: ஒரு பிரஷ், நான்கு செயலிகள்

பேச்சாகவே சொல்லிக்கொண்டு போனால் கையில் ஒட்டாது. சாமி படங்களில் எப்போதும் தேவைப்படுகிற ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொள்வோம்: முத்துச்சரம். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976), அவருடைய சீடர்கள் வழியாக வந்த காலண்டர் பாணியில் முகத்துக்கு அடுத்தபடி நகைக்குத்தான் நேரம் போகும். ஆண்டாள் படம் என்றால் கொண்டையைச் சுற்றி, கழுத்தில், இடுப்பில், மாலையின் ஓரத்தில் என்று முத்து முத்தாக வைக்க வேண்டும். கையால் ஒவ்வொன்றாக வைத்தவர்கள் அவர்கள். நமக்கு பிரஷ் இருக்கிறது.

500-க்கு 500 பிக்சல் கேன்வாஸ், வெள்ளைப் பின்னணி. அதில் முழுக் கருப்பில் ஒரு வட்டம். ஓரத்தில் இரண்டு மூன்று பிக்சல் மட்டும் விட்டு மற்றதை நிரப்பிவிடுங்கள். சுற்றிலும் அதிகமாக வெற்றிடம் விட்டால் போட்டோஷாப் அதை வெட்டிவிடும், மற்றவை வைத்துக்கொள்ளும். பிறகு இடைவெளிக் கணக்கு செயலிக்குச் செயலி மாறும். முத்தின் மினுமினுப்பை முனைக்குள்ளேயே வரைந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். முனையில் சாம்பல் நிறம் என்றால் அந்த இடத்தில் வண்ணம் மெல்லிசாக விழும் என்று பொருள். பட்டுப்புடவையின் சிவப்பு முத்துக்குள் எட்டிப் பார்க்கும். கிரிட்டாவில் முனையின் வெளிச்சத்தையும் சேர்த்து அடிக்கிற ஒரு வசதி இருக்கிறது, அதில் முத்து உருண்டையாகவே விழும். பார்க்க அருமை. ஆனால் அந்த பிரஷ் கிரிட்டாவை விட்டு வெளியே போனால் வெறும் வட்டமாகிவிடும். வட்டத்தை மட்டும் பிரஷ்ஷால் வையுங்கள், லேயரைப் பூட்டிக்கொண்டு நிழலையும் பளபளப்பையும் தனியாகப் போடுங்கள்.

இந்தக் கருப்பு வட்டத்தைப் பிஎன்ஜியாகச் சேமித்து வையுங்கள். இதுதான் மூலப்படி. இனி நான்கு இடங்களில் ஏற்றலாம்.

போட்டோஷாப்பில் எடிட் மெனுவில் டிஃபைன் பிரஷ் பிரீசெட். கருப்பு அடிக்கும், வெள்ளை அடிக்காது. பிரஷ் செட்டிங்கில் ஸ்பேஸிங் 100 சதவீதம் வைத்தால் முத்தும் முத்தும் தொட்டுக்கொண்டு நிற்கும். 110 வைத்தால் நூல் தெரிகிற இடைவெளி. ஷேப் டைனமிக்ஸில் அழுத்தத்துக்குப் பருமன் மாறுவதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சரம் நடுவில் பருத்து ஓரத்தில் சிறுக்கும். (கழுத்திலிருந்து தொங்கும் சரத்துக்கு அதுவே வேண்டும் என்றால் விட்டுவிடலாம். அது உங்கள் ரசனை.)

கிரிட்டாவில் அந்தப் பிஎன்ஜியையே பிரஷ் முனையாக இறக்குமதி செய்யலாம். இங்கே ஸ்பேஸிங் சதவீதத்தில் வராது. போட்டோஷாப்பின் 100 இங்கே 1.0. ஆட்டோ என்று ஒரு பெட்டி டிக் ஆகியிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும்.

கிளிப் ஸ்டூடியோவில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அங்கே சாம்பல் லேயரில் உள்ள கருப்பு முதன்மை நிறத்தை எடுத்துக்கொள்ளும், வெள்ளை துணை நிறத்தை எடுத்துக்கொள்ளும். அதாவது வெள்ளைப் பின்னணியோடு முனையைப் பதிவு செய்தால், வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரமும் சேர்ந்து விழும். முதலில் எடிட் மெனுவில் பிரைட்னஸை ஒபாசிட்டியாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து வெள்ளையை முழுக்க வெளியேற்றுங்கள். பிறகு மெட்டீரியலாகப் பதிவு செய்யும்போது பிரஷ் முனையாகப் பயன்படுத்து என்கிற பெட்டியை டிக் செய்யுங்கள். இந்த டிக்கை மறந்தால் முனைப் பட்டியலில் அது வரவே வராது.

புரோகிரியேட் தலைகீழ். அங்கே வெள்ளை அடிக்கும், கருப்பு அடிக்காது. நம் பிஎன்ஜியை அப்படியே ஷேப்பாக ஏற்றினால் ஓட்டை விழுந்த சதுரங்களின் வரிசைதான் கிடைக்கும். ஷேப் எடிட்டரில் படத்தை இரண்டு விரலால் தட்டினால் நிறம் தலைகீழாகும், சரியாகிவிடும். ஷேப் படம் சதுரமாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்பேஸிங் அங்கே ஒரு சறுக்குக் கட்டை. அதன் எண்ணுக்கும் போட்டோஷாப் எண்ணுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

முத்து வட்டமானது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். மாங்காய் பார்டரோ தாமரை இதழ் வரிசையோ அப்படியில்லை. கோடு வளையும்போது மாங்காயும் கூடவே திரும்ப வேண்டும். போட்டோஷாப்பில் ஆங்கிள் ஜிட்டருக்குக் கீழே உள்ள கண்ட்ரோலை டைரக்ஷன் என்று வைக்க வேண்டும். கிரிட்டாவில் ரொட்டேஷனுக்குள் டிராயிங் ஆங்கிள். கிளிப் ஸ்டூடியோவில் முனையின் திசைக்குக் கோட்டின் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புரோகிரியேட்டில் ஷேப் பகுதியில் ரொட்டேஷனைக் கடைசிவரை வலப்பக்கம் தள்ள வேண்டும். பெயர்கள் நாலு விதம், காரியம் ஒன்றுதான். ஏற்றியவுடன் இடமிருந்து வலமாக ஒரு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். மாங்காய் படுத்திருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தால் முனையின் கோணத்தை 90 பாகை திருப்பினால் தீர்ந்தது.

டெக்ஸ்சர்: உள்ளூர்ச் சரக்கு

இணையத்தில் கிடைக்கிற கல் டெக்ஸ்சர்கள் பெரும்பாலும் நம் கல் இல்லை. நம் படத்துக்கு நம் ஊர்ப் பரப்பே பொருந்தும், அதற்கு அதிகம் அலைய வேண்டாம். கோயிலுக்குள் கைபேசி எடுத்துப் போகத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அதனால் தூண்களைப் படமெடுக்கும் யோசனையை விடுங்கள். வீட்டு அம்மிக்கல் போதும். கொத்திய அம்மியின் புள்ளிகள் சிற்பக் கல்லின் புள்ளிகளுக்கு ரொம்பப் பக்கம். சாத்தூர்ப் பக்கம் போனால் வெயில் காலத்தில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண். பழைய சுவரோவியத்தின் விரிசலுக்கு அதைவிட நல்ல சரக்கு இல்லை.

நிழலில் எடுங்கள். வெயில் ஒரு பக்கமாக விழுந்தால் படத்தின் ஒரு ஓரம் வெளுத்து, மறு ஓரம் கறுத்து, டெக்ஸ்சர் அடுத்தடுத்து அடுக்கும்போது பட்டைப் பட்டையாகத் தெரியும். 2048-க்கு 2048 பிக்சலாக வெட்டி, கருப்பு வெள்ளையாக்கி, ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்ய வேண்டும். போட்டோஷாப்பில் ஆஃப்செட் ஃபில்டரைப் பாதி அகலத்துக்கு ஓட்டினால் தையல் நடுவில் வந்து நிற்கும், அதைத் தேய்த்து மறைக்கலாம். கிரிட்டாவில் இன்னும் சுலபம்: டபிள்யூ விசையைத் தட்டினால் கேன்வாஸ் நாலாபக்கமும் தொடர்ந்துகொண்டே போகும், தையல் மேல் நேராக வரைந்துவிடலாம். இந்தப் படத்தையும் மூலப்படியில் சேருங்கள். ஏபிஆரைக் கிரிட்டாவில் திறக்கும்போது முதலில் கழன்று விழுவது இந்த டெக்ஸ்சர்தான். தனியாகக் கைவசம் இருந்தால் ஒரு நிமிட வேலை.

சேமித்து வைக்கும் ஒழுங்கு

செயலிக்குள் இருக்கும் பிரஷ் பட்டியலை நம்பியிருக்கக் கூடாது. போட்டோஷாப்பில் புதிதாகச் செய்த பிரஷ், செயலியை ஒழுங்காக மூடும்போதுதான் நிரந்தரமாகப் பதியும். நடுவில் கரண்ட் போய் மேசைக் கணினி அணைந்தால் காலையிலிருந்து செய்த பிரஷ்கள் எல்லாம் காணாமல் போகலாம். புரோகிரியேட் செயலியை ஐபேடிலிருந்து நீக்கினால் படங்களும் பிரஷ்களும் கூடவே போய்விடும். இடம் போதவில்லை என்று வீட்டில் யாராவது செயலியை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றினால் வெறும் கம்பெனி பிரஷ்கள்தான் மிஞ்சும். கிரிட்டா இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. அழித்த பிரஷ்ஷை அது மறைத்துத்தான் வைக்கிறது. ரிசோர்ஸ் மேனேஜரில் அழித்தவற்றைக் காட்டச் சொன்னால் மீட்டுவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் முனைப் பிஎன்ஜி, டெக்ஸ்சர் படம், செட்டிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அந்தந்தச் செயலி தருகிற ஏற்றுமதி ஃபைல். இவற்றைவிட முக்கியமாக நான் சொல்வது ஒன்று: மாதிரிக் கோட்டுத் தாள். 300 டிபிஐ கேன்வாஸில் மெல்ல ஒரு கோடு, அழுத்தி ஒரு கோடு, மெல்லத் தொடங்கி அழுத்தி மெல்ல முடிக்கிற ஒரு கோடு, ஒரு எட்டு வடிவச் சுழி. இதைப் படமாகச் சேமியுங்கள். புதுச் செயலியில் பிரஷ்ஷைத் திரும்பக் கட்டும்போது இந்தத் தாளைக் கீழ் லேயரில் வைத்து, அதன் பக்கத்தில் அதே நான்கு கோடுகளைப் போட்டு, ஒத்துவரும்வரை செட்டிங்கைத் திருகுங்கள். எண்களை எண்களோடு ஒப்பிட்டால் பைத்தியம் பிடிக்கும். கோட்டைக் கோட்டோடு ஒப்பிட்டால் பத்து நிமிடம்.

ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வைத்துவிடுவது நல்லது. தமிழில் பெயர் வைத்த ஃபைல்களைச் சுருக்கிக் கட்டி வேறு கணினியில் பிரித்தால் சில நேரம் பெயர்கள் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் நிற்கும். பெயரில் வேலையும் அளவும் இருக்கட்டும்: முத்துச்சரம், 500, இரண்டாம் பதிப்பு. "புது பிரஷ் ஃபைனல் ஃபைனல்" என்ற பெயரில் எத்தனை ஃபைல்கள் இந்த மாவட்டத்துக் கணினிகளில் கிடக்கின்றனவோ!

ஏற்றுமதி ஃபைல்களைப் பற்றி இரண்டு வார்த்தை. கிரிட்டாவின் கேபிபி ஃபைல் உண்மையில் ஒரு பிஎன்ஜி படம். செட்டிங் எல்லாம் அந்தப் படத்துக்குள் எழுத்தாக ஒளிந்திருக்கிறது. அதைப் படமாக நினைத்து வேறு செயலியில் திறந்து மறுபடி சேமித்தால் பிரஷ் போய்விடும், சின்னப் படம் மட்டும் மிஞ்சும். முனைப் படம் தனியாகக் கிடக்கும் பிரஷ்ஷும் உண்டு என்பதால், பிறருக்குக் கொடுக்கும்போது பண்டிலாகக் கட்டிக் கொடுப்பதே சரி. புரோகிரியேட்டின் பிரஷ் ஃபைலும் பிரஷ்செட் ஃபைலும் வெறும் ஜிப் கட்டுகள். அதனால்தான் சில நேரம் இறக்கும்போது பெயருக்குப் பின்னால் ஜிப் என்று ஒட்டிக்கொள்ளும், ஐபேட் அதைத் திறக்காது. அந்த வாலை நீக்கினால் திறக்கும். இதையே தலைகீழாகவும் செய்யலாம். கணினியில் பிரஷ் ஃபைலின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே ஷேப், கிரெய்ன் என்ற இரண்டு பிஎன்ஜி கிடைக்கும். நிறத்தைத் தலைகீழாக்கிக் கிரிட்டாவிலோ போட்டோஷாப்பிலோ ஏற்றிக்கொள்ளலாம். புரோகிரியேட்டோடு வருகிற ஷேப்பையே பயன்படுத்திய பிரஷ் என்றால் அந்தப் படம் உள்ளே இருக்காது.

காசு கொடுத்து வாங்கிய பிரஷ்ஷை இப்படிப் பிரித்து நாலு பேருக்குக் கொடுப்பது வேறு கதை. அநேகமாக எல்லா உரிமத்திலும் படம் வரைந்து விற்கலாம், பிரஷ்ஷை விற்கவோ விநியோகிக்கவோ கூடாது என்றுதான் இருக்கும். விடுதி அறையில் ஒருவர் வாங்க, மாடி முழுக்கப் பரவுவது நடக்கிற விஷயம்தான். வரைகிறவர்களே வரைகிறவர்களுக்குச் செய்வதால் இது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

எல்லாம் சரியாக ஏற்றியும் "கோடு என் கோடாக இல்லையே" என்றால் பேனா டிரைவரைப் பாருங்கள். பேனாவின் பொது அழுத்த வளைவு பிரஷ்ஷுக்குள் கிடையாது. டிரைவரிலோ செயலியின் பொது அமைப்பிலோ இருக்கும். ஒருவர் மென்மையாகவும் ஒருவர் கடினமாகவும் வைத்திருந்தால் ஒரே பிரஷ் இரண்டு பேர் கையில் இரண்டு பிரஷ். விண்டோஸில் அழுத்தமே வேலை செய்யவில்லை என்றால் டிரைவரில் விண்டோஸ் இங்க் பெட்டியையும், செயலியில் வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டில் எது என்பதையும் ஒன்றுக்கொன்று பொருத்துங்கள்.

படம் கைமாறும்போது

15-க்கு 20 அங்குல மாதக் காலண்டர் படம் 300 டிபிஐயில் 4500-க்கு 6000 பிக்சல். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் விட்டால் பக்கத்துக்கு 35 பிக்சல் கூடும். பிளீட் சேர்க்காமலே 2 கோடியே 70 லட்சம் பிக்சல். நிரம்பிய ஒரு லேயர் சுருக்காமல் 100 எம்பிக்கு மேல். இதனால் இரண்டு விளைவுகள். ஐபேடில் கேன்வாஸ் பெரிதாக ஆக லேயர் எண்ணிக்கை குறையும். பழைய ஐபேடில் இந்த அளவுக்குக் கை விரல் விட்டு எண்ணுகிற லேயர்தான் கிடைக்கும். மடிக்கணினியில் நாற்பது லேயரில் அடுக்கிய படத்தை ராஜபாளையத்துக்கு அனுப்பி "நகையை மட்டும் போட்டுக்கொடு" என்பதற்கு முன்னால், மாற்றத் தேவையில்லாத லேயர்களை ஒன்றாக்கி ஏழெட்டாகக் குறைத்து அனுப்புங்கள். முழு லேயர் ஃபைலை உங்களிடம் வைத்துக்கொண்டு, திரும்பி வரும் நகை லேயரை மட்டும் அதில் எடுத்து வையுங்கள். இரண்டாவது, பிஎஸ்டி ஃபைல் 2 ஜிபிக்கு மேல் போகாது. அதற்கு மேல் என்றால் போட்டோஷாப் பிஎஸ்பி கேட்கும், அதை எல்லாச் செயலியும் திறக்காது. அந்த நிலைக்கு வரவிடாமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

பிஎஸ்டிதான் பொதுப் பாலம். அதில் பத்திரமாகப் போகிறவை: சாதாரண லேயர், ஒபாசிட்டி, லேயர் குரூப், லேயர் மாஸ்க், கிளிப்பிங், மல்டிப்ளை, ஸ்கிரீன், ஓவர்லே போன்ற பழைய கலவைகள். நம்ப முடியாதவை: அட்ஜஸ்ட்மென்ட் லேயர், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், லேயர் ஸ்டைல், வெக்டர், எழுத்து, செயலிக்கே உரிய கலவைகள். கிளிப் ஸ்டூடியோவில் ஆட் குளோ வைத்து விளக்கொளி போட்டிருந்தால் வேறு செயலியில் அந்த ஒளி ஒன்று கருகும், இல்லை வெடிக்கும். அப்படிப்பட்ட லேயரைக் கீழேயுள்ள படத்தோடு சேர்த்துத் தட்டையாக்கிய ஒரு நகலையும் வைத்து அனுப்புங்கள். கூடவே முழுப் படத்தின் ஒரு பிஎன்ஜி. திறந்தவருக்கு எது சரி, எது திரிந்துவிட்டது என்று ஒப்பிட அது வேண்டும்.

சொந்தச் செயலியின் ஃபைலை, கிரிட்டா என்றால் கேஆர்ஏ, கிளிப் என்றால் கிளிப், ஒருபோதும் அழிக்காதீர்கள். பிஎஸ்டி அனுப்புவதற்கு மட்டும்.

பட வேலையில் தமிழ் எழுத்தே வேண்டாம். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். புரோகிரியேட்டுக்குப் போனால் எழுத்து படமாகிவிடும். யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழக அரசு 2010-இலேயே தரமாக அறிவித்துவிட்டது என்றாலும், அச்சகங்களில் பழைய குறியீட்டு எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கடை பெயரையும் தேதிக் கட்டத்தையும் அச்சகத்து டிசைனர் கோரல்டிராவில் அவரிடம் இருக்கிற எழுத்துருவில் அடித்துக்கொள்வார். அவருக்கு இடம் விட்டு வரைவதுதான் நம் வேலை.

நிறமும் கருப்பும்

ஐபேடில் கேன்வாஸ் எடுக்கும்போது நிறத்தில் டிஸ்பிளே பி3 என்று இருந்தால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பி3-இல் வரைந்த பச்சைக்கிளி சாதாரணக் கணினித் திரையில் சாயம் போன கிளியாக வரும்; அதைப் பார்த்துப் பதறி நிறத்தை ஏற்றினால், திரும்ப ஐபேடில் கண் கூசும்.

வரைவது முழுக்க ஆர்ஜிபியில். சிஎம்ஒய்கே மாற்றம் ஒரே ஒரு தடவை, கடைசியில், அச்சகம் சொல்லும் புரொஃபைலில். நடுவில் போய்ப் போய் வந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிறம் உதிரும். பளிச்சென்ற நீலமும் ரோஸும் மைக்குள் வராது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, செயலியில் சிஎம்ஒய்கே முன்னோட்டத்தைப் போட்டுப் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்தால் புரூஃப் வரும்போது மனம் உடையாது.

கருப்புக் கோடு தனி வம்பு. ஆர்ஜிபியில் முழுக் கருப்பு என்பது, போட்டோஷாப்பில் பலர் மாற்றாமல் விட்டுவைக்கிற ஸ்வாப் புரொஃபைலில் சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று நான்கு மைகளாகப் பிரியும். மொத்தம் 300 சதவீத மை. ஆப்செட்டில் பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் மெல்லிய கோட்டைச் சுற்றிச் சிவப்போ நீலமோ கசியும். ஓவியர் சில்பி கோயில்களை வரைந்த மாதிரி நுணுக்கமான பேனாக் கோட்டு வேலை என்றால் கோட்டு லேயரைத் தனி ஃபைலாகக் கொடுத்து, அதைக் கருப்பு மையில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். தடித்த நிழலுக்கு நான்கு மை நல்லதுதான், ஆழம் கிடைக்கும்.

அனுப்பும் வழி

வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், 2 ஜிபி வரை. பிரஷ் முனையைக்கூட இப்படித்தான் அனுப்ப வேண்டும். சுருங்கிய முனையின் ஓரங்களில் ஜேபெக் அழுக்கு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முத்துக்கும் சுற்றிலும் தூசி விழும். பென்டிரைவ் பழைய ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. மொத்த மூட்டையையும் ஒரே ஜிப்பாகக் கட்டுகிறவர்கள் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐபிஸ் பெயின்ட்காரர்களுக்குள் பிரஷ் பகிர க்யூஆர் கோடு படமே போதும், ஆனால் அது ஐபிஸுக்குள் மட்டும் செல்லுபடி.

புது அச்சகத்தோடு முதல் தடவை வேலை செய்கிறீர்கள் என்றால், முழுப் படத்தை வரைந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாலு லேயர், கொஞ்சம் முத்து, கொஞ்சம் கல், ஒரு மெல்லிய கருப்புக் கோடு, ஒரு பளிச் ரோஸ் உள்ள சிறு பிஎஸ்டி ஒன்றைச் சித்திரை, வைகாசியிலேயே அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனி பிறந்துவிட்டால் அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.